குதிரை என்று சொல்லிக் கொடுத்த கார்

என் தங்கை பாகிலா ஜெயித்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். பையன்கள் மட்டுமே படித்த தொழிற்பள்ளியில் ஒரே பெண்ணாகச் சேர்ந்து, கேஸ் வெல்டிங்கில் முதலாவதாகத் தேறினாள். தாடை எலும்பு உடைந்து, பற்களைக் கம்பியால் கட்டியிருந்தபோதும் பெரியவர்கள் முன்னால் நின்று தன் வழக்கைத் தானே பேசினாள். பழைய இரும்பு வெட்ட வந்த நான்கு ஆண்களை ஒற்றை ஆளாய் விரட்டினாள். கோழி முட்டையிட்ட காரை ஊர்வலத்தில் ஓட்டினாள். அந்தக் காரை அபகரித்தவன் முற்றத்துக்கே போய், வாசலைத் திறக்கச் சொல்லாமல் வெளியே கொண்டுவந்தாள். அன்று அவள் தன் புருஷனின் அண்ணன் ஸ்மாகுலின் தோள்பட்டையை உடைத்தாள் என்று சிலர் சொல்வார்கள். தவறு. உடைந்தது காறை எலும்பு, இடது பக்கம். நான் பக்கத்தில் இருந்தேன்.

கோபெய் அவள் புருஷன். எங்கள் புல்வெளி ஊரான சாரிபுலாக்கில் குதிரை மந்தை வைத்திருந்தான். குதிரை மேலிருந்தபடி ஆட்டுக் கடாவின் உடலைப் பிடுங்கிக்கொண்டு ஓடும் கொக்பர் ஆட்டத்தில் அவனுக்கு மாவட்டம் முழுக்கப் பெயர். 1994 வசந்தத்தில் நடந்த ஆட்டத்தில் மீசை முளைக்காத ஒருவன் கோபெயின் தொடைக்கடியிலிருந்து கடாவை உருவிக்கொண்டு போய்விட்டான். கூட்டம் சிரித்தது. கோபெய் வீட்டுக்கு வந்தபோது பாகிலா அரசுப் பண்ணையின் இயந்திரக் கூடத்திலிருந்து வந்து, கையிலிருந்த கிரீஸைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"கடா எங்க?" என்று கேட்டாள். கேலிதான். பன்னிரண்டு வருஷமாக அவர்கள் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"இந்தா" என்று சாட்டையைத் திருப்பிப் பிடித்து, பிடியால் அவள் முகத்தில் அடித்தான். எங்கள் பக்கத்துச் சாட்டைப் பிடி தபில்கி மரத்தில் செய்தது. அதில் ஆணி இறங்காது, வளையும். முதல் அடியில் தாடை உடைந்தது. இரண்டாவது அடியில் கடைவாய்ப் பற்கள் இரண்டு சமையல் மேடையில் விழுந்தன. மூன்றாவது அடிக்கு அவன் கையை ஓங்கியபோது அவள் கொதிக்கிற தேநீர்ப் பானையை அவன் மார்பில் கவிழ்த்துவிட்டு வெளியேறினாள். இரண்டு கைகளாலும் கீழ்த்தாடையைத் தாங்கிப் பிடித்தபடி ரயில் பாதையைத் தாண்டி என் வீட்டுக்கு நடந்து வந்தாள். நான் ரயில் பாதை பழுது பார்க்கும் ஆள். நசுங்கிய விரல்களைப் பார்த்திருக்கிறேன். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் சேர்த்துக் கம்பி போட்டுக் கட்டினார்கள். ஆட்டிறைச்சிச் சாற்றைப் புது பெட்ரோல் குழாய் ஒன்றின் வழியாகத்தான் உறிஞ்சினாள். கடையில் குழாயை வாங்கி வந்து நீளம் பார்த்து வெட்டியதும் அவளேதான்.

வழக்கு பெரியவர்களிடம் போனது. சுல்தான்காசி என்ற முதியவர் நடுவில் உட்கார்ந்தார். பாகிலா பல்லைத் திறக்காமலே எல்லாவற்றையும் சொன்னாள். ஒரு வார்த்தையைக்கூட யாரும் திரும்பச் சொல்லச் சொல்லவில்லை. தீர்ப்பு: குதிரையும் மேலங்கியும். அதாவது கோபெய் வீட்டார் அபராதமாக ஒரு குதிரையும் ஒரு மேலங்கியும் தர வேண்டும்; வாங்கிக்கொண்டு பாகிலா விடுதலையாகலாம். ஆனால் எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. வாங்கிய அபராதம் கொடுத்தவன் முற்றத்துக்கே திரும்பிப் போய்விட்டால் தீர்ப்பு கலைந்துவிடும். பெண்ணும் அந்த வீட்டுக்கே திரும்ப வேண்டும்.

கோபெயின் அண்ணன் ஸ்மாகுல்தான் அந்த வீட்டுக்குத் தலைவன். "குதிரைதானே? எங்க அப்பா ஏறிப் போன குதிரையையே குடுத்துட்றோம். வாங்க எல்லாரும்" என்று எழுந்தான். கூட்டத்தை ஆட்டுப்பட்டிக்குக் கூட்டிப்போய், வைக்கோலை இரண்டு கையாலும் வாரி எறிந்தான். உள்ளே ஒரு கார் கிடந்தது. எஞ்சின் இல்லை. சக்கரம் இல்லை. பின் சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

"இது குதிரையா?" என்று சுல்தான்காசி கேட்டார்.

"குதிரைதான் பெரியவரே. கொஞ்சம் மெலிஞ்சிருக்கு."

"ஊர் அறிய சொல்றியா, குதிரைன்னு?"

"ஊர் அறிய சொல்றேன். சேணம் மட்டும் அவங்க போட்டுக்கட்டும்."

அவன் ஆட்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பூச்சி அரித்த மேலங்கி ஒன்றைக் கார் மேல் வீசினான். நான் ஸ்மாகுலின் மூக்கில் குத்தினேன். என்னைக் கீழே தள்ளி, நான் எழாதபடி நாலைந்து பேர் உதைத்தார்கள். அதற்குள் பாகிலா குனிந்து காருக்கு அடியில் பார்த்திருக்கிறாள். நிமிர்ந்து, கம்பி கட்டிய பல்லுக்கிடையில், "சரி. எடுத்துக்கறேன்" என்றாள். சிரிப்பு நின்றது.

என்னைத் தூக்கிவிடும்போது என் காதில், "அண்ணே, சேஸிஸ் வளையல" என்றாள்.

அது எம்-72 வகைக் கார். ஐம்பதுகளில், புல்வெளியை உழ வந்த பண்ணைகளுக்காகச் செய்தது. மேலே கூன் முதுகுள்ள சொகுசுக் கார், கீழே நான்கு சக்கரமும் இழுக்கும் ஜீப். கோபெயின் அப்பா பண்ணைத் தலைவராக இருந்தபோது அதில்தான் போவார். எனக்கு அது நினைவிருக்கிறது: அவர் காலால் ஒரு பொத்தானை மிதிப்பார், முன்கண்ணாடியில் தண்ணீர் பீச்சும், பின்னால் ஓடுகிற நாங்கள் கத்துவோம். இப்போது அதன் தரைத் தகடு முழுக்க அரித்துப் போய், சீட்டைத் தூக்கினால் புல் தெரிந்தது. இடது பக்கக் கதவுகள் பட்டிக்குத் தடுப்பாக இருந்தன. கூரையில் யாரோ நின்று வைக்கோல் மிதித்ததில் நடுவில் தண்ணீர் தேங்கும் அளவுக்குப் பள்ளம்.

தாடைக் கம்பியைக் கழற்றிய வாரமே என் வீட்டு முற்றத்தில் வேலையைத் தொடங்கினாள். பழைய காரைச் சரிசெய்வது பொறுமையான வேலை என்று நினைப்பவர்கள் அருகில் நின்று பார்த்ததில்லை. துருவை அடித்துத்தான் கழற்ற வேண்டும். இறுகிய நட்டைச் சூடு வைத்து, முறுக்கி, வராவிட்டால் உளியால் பிளக்க வேண்டும். முன்பக்க ஸ்பிரிங் பட்டையைக் கழற்றும்போது அது துள்ளி என் கன்னத்தைக் கிழித்தது, பாகிலாவே தைத்தாள். கேஸ் குழாயில் தீ பின்னடித்து அவளுடைய இரண்டு புருவமும் கருகின. கூரைப் பள்ளத்தை உள்ளிருந்து அடித்து எழுப்பியபோது சத்தம் ரயில் நிலையம் வரை கேட்டது.

பக்கத்து வீட்டுப் பெண் வேலி மேல் எட்டிப் பார்த்து, "யாரை நெனச்சு அடிக்கறே பாகிலா?" என்று கேட்டாள்.

"கூரைய நெனச்சு. வேற யாரையாவது நெனச்சா தகடு கிழிஞ்சிரும்" என்றாள்.

பட்டிப் பசை பூசிப் பள்ளத்தை மறைக்கவே மாட்டாள். அரித்த இடத்தை வெட்டியெடுத்து, அதே கனத்தில் தகடு வெட்டி, வெல்டிங் செய்து, உள்ளே இரும்புக் கட்டையைக் கொடுத்து வெளியே சுத்தியால் தட்டி, ஒரு துணியை மேலே போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு தடவுவாள். மேடு தட்டுப்பட்டால் மறுபடி தட்டுவாள்.

எஞ்சினுக்கு வேறொரு சண்டை. பண்ணையின் பழைய ஜீப் ஒன்று, ஆடுகளுக்கு மருந்துக் குளியல் போடும் சிமெண்ட் தொட்டியில் கவிழ்ந்து கிடந்தது. ஜீப்புக்கும் இந்தக் காருக்கும் ஒரே எஞ்சின். அரசுப் பண்ணையைக் கலைத்து, வேலை பார்த்தவர்களுக்கு ஆளுக்கொரு பொருள் பிரித்துக் கொடுத்தபோது, மற்றவர்கள் மாடு கேட்டார்கள். அவள் அந்தத் தொட்டி ஜீப்பைக் கேட்டு வாங்கினாள். அந்த வருஷங்களில் இரும்பு வெட்டிகள் லாரியில் ஊர் ஊராக வந்து, கண்ணில் பட்டதை எல்லாம் துண்டு போட்டு எல்லைக்கு அப்பால் விற்றுக்கொண்டிருந்தார்கள். அவள் கேஸ் சிலிண்டரோடு தொட்டிக்குப் போனபோது நான்கு பேர் ஜீப்பின் மேல் நின்றிருந்தார்கள்.

"வீட்டுக்குப் போ தங்கச்சி. இது பழைய இரும்பு" என்றான் அவர்களில் தடித்தவன்.

"உங்க அம்மாவும் பழசுதான். அவங்களயும் எடை போட்டு வித்திருவியா?"

அவன் சங்கிலியைச் சுழற்றி வீசினான். அது அவள் இடது காதை உரசிக்கொண்டு போனது. காதின் கீழ்மடல் இன்றும் இல்லை. அவள் வெல்டிங் குழாயைப் பற்றவைத்தாள். நீலத் தீ ஒரு முழம் நின்றது. "காது போனா பரவால்ல, இன்னொண்ணு இருக்கு. உனக்கு மூஞ்சி எத்தனை?" என்று கேட்டுக்கொண்டே முன்னால் நடந்தாள். தடித்தவன் மறுபடி சங்கிலியை ஓங்கினான். அவன் சட்டைக் கை பற்றிக்கொண்டது. தொட்டி அடியில் நின்ற பச்சைத் தண்ணீரில் அவனே குதித்தான். மற்ற மூவரும் அவனை வெளியே இழுத்து லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மறுநாள் நான் பாதை வேலைக்குப் போயிருந்தபோது, மூன்று கம்பத்தை முக்காலி போல நட்டு, சங்கிலிக் கப்பி மாட்டி, எஞ்சினைத் தனியாகவே மேலே தூக்கிவிட்டாள்.

டாஷ்போர்டுக்கு அடியில், வெயில் படாத இடத்தில் பழைய நிறம் இருந்தது. புறாச் சாம்பல். அதே நிறம் கலந்து, வாக்யூம் கிளீனரின் காற்றைத் திருப்பிவிட்டு, முற்றத்தில் தண்ணீர் தெளித்துப் புழுதியை அடக்கி, பெயிண்ட் அடித்தாள். வேலை தொடங்கி நாலாவது கோடை அது.

1998 ஜூலையில் மாவட்டத்தின் எழுபதாம் ஆண்டு விழா. ஊர்வலத்தில் பாகிலா எம்-72-ஐ ஓட்டிப் போனாள். வயதானவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். "தலைவரோட காரு! தலைவரோட காரு!" என்று கத்தினார்கள். அவள் காலால் மிதித்தாள், முன்கண்ணாடியில் தண்ணீர் பீச்சியது, கூட்டம் ஆர்ப்பரித்தது. அப்போது குதிரைக்காரர்கள் வரிசையிலிருந்து ஒருவன் சத்தமாகச் சொன்னான்: "ஸ்மாகுல், உங்க மெலிஞ்ச குதிரை நல்லா தேறிடுச்சே!"

நாலு வருஷத்துக்கு முன் பட்டியில் சிரித்தவர்களைவிட அதிகம் பேர் இப்போது சிரித்தார்கள். ஸ்மாகுல் குதிரையைத் திருப்பிக்கொண்டு போனான். சொன்னவனை அன்று மாலை குமிஸ் என்னும் புளித்த குதிரைப்பால் விற்கும் இடத்தில் பிடித்து, பல் கொட்டும்வரை அடித்தான் என்று பிறகு கேள்விப்பட்டோம்.

அடுத்த வாரம் ஸ்மாகுல் பாகிலாவைத் தேடி என் வீட்டுக்கு வந்தான். மரியாதையாகத்தான் தேநீர் குடித்தான்.

"பாகிலா, அப்பா கனவுல வர்றாரு. என் குதிரை எங்கேன்னு கேக்கறாரு."

"உயிரோட இருந்தப்ப அதுக்கு ஒரு டயர் மாத்தினவர் இல்ல. இப்ப என்ன அவசரமாம்?"

"வெளையாட்டுப் பேச்சு வேண்டாம். காரும் வரட்டும், நீயும் வா. கோபெய் குடிய விட்டுட்டான்."

"அவன் குடிச்சா என்னை அடிச்சான்? தெளிவா இருந்துதான் அடிச்சான். காரும் வராது. நானும் வரமாட்டேன்."

ஸ்மாகுல் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தான். "குதிரை வந்தா நீ வந்துதான் ஆகணும். பெரியவங்க தீர்ப்பு அது" என்று வாசலில் நின்று சொன்னான். அதற்குப் பிறகு அவள் காரின் பக்கத்திலேயே கட்டில் போட்டுப் படுத்தாள்.

ஊர்வலத்தில் மட்டமான பெட்ரோல் ஊற்றியதில் எஞ்சின் தட்டியது. அதனால் ஸ்பார்க் விழும் நேரத்தை, அதாவது டைமிங்கைச் சரிசெய்ய டிஸ்ட்ரிபியூட்டரைத் தளர்த்தி வைத்திருந்தாள். ஸ்டார்ட்டர் மோட்டாரையும் கழற்றி மேஜையில் பிரித்துப் போட்டிருந்தாள். பேட்டரியைச் சார்ஜ் ஏற்றிவர ஒரு முற்பகல் அவள் ரயில் நிலையத்துக்குப் போனாள். நான் முற்றத்தில் காவலிருந்தேன். கோபெயும் ஸ்மாகுலும் அவர்களுடைய ஒன்றுவிட்ட தம்பிகள் இரண்டு பேரும் டிராக்டரிலும் குதிரைகளிலும் வந்தார்கள்.

நான் தண்டவாள நட்டு முடுக்கும் நீளச் சாவியை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றேன். முதலில் வந்த தம்பியின் முழங்காலில் அடித்தேன், அவன் விழுந்தான். ஸ்மாகுல் குதிரையை நேராக என்மேல் விட்டான். நான் கீழே விழ, என் விலாவில் குதிரைக் குளம்பு இறங்கியது. இரண்டு எலும்பு உடைகிற சத்தத்தை உள்ளிருந்து கேட்டேன். எழ முயன்றேன், சாட்டை வாரால் முதுகைக் கிழித்தார்கள். காரைச் சங்கிலியில் கட்டி இழுத்துப் போகும்போது கோபெய் என் பக்கத்தில் குனிந்தான்.

"மச்சான், மன்னிச்சுக்கங்க. தங்கச்சிகிட்ட சொல்லிருங்க. குதிரை வீட்டுக்கு வந்துருச்சு. இனி அவ வரணும்."

பாகிலா திரும்பி வந்தாள். டயர் தடத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். குதிரைச் சேணத்தின் வயிற்றுப் பட்டையால் என் விலாவை இறுக்கிக் கட்டினாள். "மூச்சு வருதா?" என்று கேட்டாள். வருகிறது என்றதும் நேராகச் சுல்தான்காசியிடம் போனாள்.

மறுநாள் காலை சுல்தான்காசி குதிரையில் முன்னால் போக, நாங்கள் கோபெய் முற்றத்துக்குப் போனோம். பாதி ஊர் வேலியோரம் கூடிவிட்டது. கார் நடுவில் நின்றது. டிராக்டரின் பேட்டரியை எடுத்து அதில் மாட்டியிருந்தார்கள்.

"பறிச்சிட்டு வந்ததைத் திரும்பி வந்ததுன்னு எப்படி எடுத்துக்கறது?" என்றார் சுல்தான்காசி.

"பறிக்கலையே பெரியவரே. கட்டு அவுந்தா குதிரை பழைய லாயத்துக்கு வரத்தானே செய்யும்" என்றான் ஸ்மாகுல். அவன் ஆட்கள் சிரித்தார்கள்.

முதியவர் சிரிக்கவில்லை. "தானா வந்த குதிரைன்னா பழைய எஜமானைச் சுமக்கும். கோபெய், நீ கிளப்பி வாசல் வரைக்கும் ஓட்டு. ஓடுச்சுன்னா உன் குதிரை, அவ உன் பொண்டாட்டி. ஓடலைன்னா கைய எடுத்துரு" என்றார்.

அது ஓடக்கூடிய கார். நான்கு கோடை உழைத்து அவளே ஓடும்படி செய்து வைத்திருந்தாள்.

ஸ்டார்ட்டர் இல்லாததால் ஹேண்டில் போட்டுத்தான் கிளப்ப வேண்டும். கோபெய் காருக்கு முன்னால் குந்தி, ஹேண்டிலை மாட்டினான். சாட்டைப் பிடியைப் பிடிப்பது போல, கட்டைவிரலைச் சுற்றி மடக்கி முழுக் கையாலும் பிடித்தான். குதிரைக்காரன் வேறெப்படிப் பிடிப்பான்?

பாகிலா சொன்னாள்: "டைமிங் வைக்கல, கோபெய். ஹேண்டில் திருப்பி அடிக்கும். கட்டைவிரலை வெளிய எடு. மேல்பக்கமா இழு, கீழ அமுக்காதே."

நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். இந்த நேரத்தில் இதை ஏன் அவனுக்குச் சொல்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை. பிறகு கேட்டபோது, "சொல்லாம விட்டா அது நான் அடிச்ச மாதிரி ஆகும்" என்றாள்.

கோபெய் கூட்டத்தைப் பார்த்துப் பல்லைக் காட்டினான். "ரெண்டு வயசுக் குதிரையை வெறும் முதுகுல ஏறி அடக்கினவன் நான். எனக்கு நீ சொல்லித் தர்றியா?" உடல் பாரம் முழுக்கக் கொடுத்து ஹேண்டிலை அமுக்கினான்.

எஞ்சின் ஒருமுறை இருமியது. ஹேண்டில் பின்பக்கமாகச் சுழன்று அடித்தது. அவன் முன்கை மணிக்கட்டுக்கு மேலே நடுவில் மடிந்து நின்றது. கூட்டத்தில் ஒருவர் வாந்தி எடுத்தார். ஒரு கணம் கழித்துத்தான் அவன் அலறினான்.

ஸ்மாகுல் வேலிக் கம்பம் அடிக்கும் சம்மட்டியை எடுத்தான். கோடரி என்று சொல்பவர்கள் உண்டு, சம்மட்டிதான். "எங்களுக்கு இல்லாத குதிரை எவளுக்கும் வேண்டாம்" என்று கத்திக்கொண்டே வலது விளக்கை நொறுக்கினான். இரண்டு துண்டு முன்கண்ணாடியில் ஒரு துண்டு சிதறியது. பானெட்டின் நடுவில் சம்மட்டி இறங்கியது. அவள் துணி போட்டுத் தடவிப் பார்த்த பானெட்.

பாகிலா ஹேண்டிலை உருவினாள். ஸ்மாகுல் அவளைப் பார்த்துத் திரும்பி, இடது கையால் சாட்டையை வீசினான். வார் அவள் நெற்றியிலிருந்து மூக்கு வரை கிழித்தது. சம்மட்டியை ஓங்கினான். அவள் ஒரு எட்டு உள்ளே புகுந்து, ஹேண்டிலின் வளைவால் அவன் கழுத்தடியில் அடித்தாள். காறை எலும்பு கறுக்கென்றது. சம்மட்டி அவன் காலிலேயே விழுந்தது. பின்னாலிருந்து கோபெய் நல்ல கையால் அவள் கூந்தலைப் பற்றி இழுத்தான். அவள் திரும்பிப் பார்க்காமலே முழங்கையைப் பின்னால் செலுத்தினாள். அவன் உதடு கிழிந்து உட்கார்ந்துவிட்டான். நொண்டாத தம்பி என்னைப் பிடித்து, கட்டுப் போட்ட விலாவில் குத்தினான். நான் அவன் காதைக் கடித்தேன். அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. என்னிடம் வேறு ஆயுதம் இல்லை.

சுல்தான்காசி தன் குதிரையைக் குறுக்கே விட்டார். "போதும்! அவன் முறை முடிஞ்சுது. இனி அவ முறை. எவனாவது நகர்ந்தா என் குதிரைக்கடியிலதான் கிடப்பான்" என்றார்.

பாகிலா பானெட்டைத் தூக்கினாள். நசுங்கியிருந்ததால் பாதிதான் எழுந்தது. டிஸ்ட்ரிபியூட்டரைக் கொஞ்சம் பின்னுக்குத் திருப்பி முடுக்கினாள். மூக்கிலிருந்து ரத்தம் அதன் மூடி மேல் சொட்டியது. நனைந்தால் ஸ்பார்க் வராது என்று சட்டை முனையால் சுத்தமாகத் துடைத்தாள். பிறகு முன்னால் வந்து, கட்டைவிரலை மற்ற விரல்களோடு சேர்த்து வைத்து, ஹேண்டிலை மேலே இழுத்தாள். இரண்டாவது இழுப்பில் எஞ்சின் பிடித்தது.

"அண்ணே, ஏறு."

"வாசல்ல கம்பம் போட்டிருக்காங்கம்மா."

"தெரியும். ஏறு."

முதல் கியரில் போட்டாள். நான்கு சக்கரமும் இழுத்தன. வாசல் கம்பங்கள் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக முறிந்தன. முன் கிரில் உள்ளே மடிந்தது. மிச்சமிருந்த விளக்கும் போனது. கம்பத் துண்டு ஒன்று உடைந்த கண்ணாடி வழியாக வந்து எங்கள் இருவருக்கும் நடுவில் சீட்டில் குத்தி நின்றது. அவள் அதைப் பிடுங்கி வெளியே எறிந்துவிட்டு இரண்டாவது கியர் போட்டாள்.

ஸ்மாகுல் விடவில்லை. கட்டுப் போட்ட தோளோடு வந்து, இரண்டு உடைந்த எலும்புக்கும் அபராதம் கேட்டான். கேட்ட அபராதம் கார்தான். கார் போனால் தீர்ப்பு கலையும். பாகிலாவும் போக வேண்டும். மறுபடி பெரியவர்கள் உட்கார்ந்தார்கள்.

"கோபெய் கை எப்படி உடைஞ்சுது?" என்று கேட்டார் சுல்தான்காசி.

"எல்லாரும்தான் பாத்தாங்களே. அந்தக் காரு அடிச்சுது."

"எந்தக் காரு? நாலு வருஷம் முன்னாடி நீங்க எதுவும் காரு குடுத்ததா எனக்கு ஞாபகம் இல்லையே. ஊர் அறிய ஒரு குதிரை குடுத்தீங்க."

முதியவர் தொடர்ந்தார்.

"குதிரை உதைச்சா அபராதம் கிடையாது. பின்னாடி போய் நின்னவன் தப்பு அது."

"அவன் முன்னாடிதான் நின்னான் பெரியவரே" என்றது ஒரு குரல்.

"அப்போ கடிச்சுதுன்னு வெச்சுக்கங்க."

கூட்டம் அடங்க நேரமாயிற்று. பிறகு முதியவர் பாகிலாவைப் பார்த்தார். "ஆனா காறை எலும்பு குதிரை உடைச்சது இல்ல. நீ உடைச்சது. குதிரையும் மேலங்கியும் நீ குடுக்கணும். எந்தக் குதிரைன்னு நீயே சொல்லு."

ஸ்மாகுலின் முகம் தெளிந்தது. அவளிடம் இருந்த ஒரே 'குதிரை' எது என்று அவனுக்குத் தெரியும். பாகிலா என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். அவள் வெளியே போய் என் செம்பழுப்புப் பெண்குதிரையைக் கடிவாளத்தைப் பிடித்துக் கூட்டி வந்தாள். ஐந்து வயது, சினை வேறு. அதன் மேல் என் மனைவி தைத்த புது வெல்வெட் மேலங்கி. கடிவாளத்தை ஸ்மாகுலின் நல்ல கையில் கொடுத்தாள்.

"சரி பாத்துக்கங்க மூத்தவரே. நாலு காலும் இருக்கு. வால் இருக்கு. எஞ்சின் உள்ளயே இருக்கு. கோழி மட்டும் இல்ல, அது நீங்க வெச்சுக்கங்க."

அவன் வாங்கிக்கொண்டுதான் ஆக வேண்டும். வாங்கினான். எல்லோரும் பார்க்க அந்தக் குதிரையை நடத்திக்கொண்டு ஊரைக் கடந்து போனான். கோபெயின் கை கோணலாகத்தான் கூடியது. அதற்குப் பிறகு அவன் கொக்பர் ஆடவில்லை. எங்கள் தெருப் பக்கமும் வரவில்லை.

காரை மறுபடி தட்டி எடுக்க ஆகஸ்ட் முழுக்க ஆனது. பானெட்டில் சம்மட்டி விழுந்த பள்ளத்தை ஞாபகத்துக்கு அப்படியே விட்டுவைக்கும்படி ஊரில் பலர் சொன்னார்கள். "ஞாபகத்துக்கு என் மூக்கு இருக்கு. பானெட் என்ன பாவம் பண்ணுச்சு?" என்று சொல்லி, துணி போட்டுத் தடவினால் எதுவும் தட்டுப்படாதபடி எடுத்துவிட்டாள்.

பிறகு காரைப் பதிய மாவட்டத் தலைநகர் போனோம். தொழிற்பள்ளியில் அவளுக்காக எல்லாவற்றிலும் எங்கள் அப்பாதான் கையெழுத்துப் போட்டார். பத்தொன்பது வயதில் கல்யாணம், அன்றிலிருந்து சம்பளப் பட்டியலிலும் ஆஸ்பத்திரியிலும் கோபெய் வீட்டுப் பெயரைத்தான் எழுதினாள். நீதிமன்றத்தில் விவாகரத்து கிடைத்து, பாஸ்போர்ட்டில் பெயர் மாற்றி, மை காய்ந்திருக்காது. மேஜைக்குப் பின்னாலிருந்த அதிகாரி அவள் மூக்கின் தழும்பைப் பார்த்துவிட்டு, "வண்டி உங்க வீட்டுக்காரர் பேர்லயா?" என்று கேட்டார்.

"என் பேர்ல" என்றாள்.

பேனாவை வாங்கி, உரிமையாளர் என்ற இடத்தில், எழுத்தெழுத்தாக, அவசரமே இல்லாமல் எழுதினாள்: பாகிலா, துர்லிகான் மகள். பக்கத்தில் தேதி போட்டாள்: 1998 செப்டம்பர் 17, வியாழக்கிழமை.